67 கிலோ எடையுடன் 65 கிலோ பிரிவில் இறங்கலாமா?

மூன்று நாள் நடக்கும் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டியில், 67 கிலோ எடையுள்ள நீங்கள், தொழில்முறை வீரர்களைப் போல உடலின் நீரைக் குறைத்து 65 கிலோ பிரிவில் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

தொழில்முறைப் போட்டியில் பெரும்பாலும் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால், வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவின் வரம்பான 147 பவுண்டை (சுமார் 66.7 கிலோ) தொட்ட வீரர், இழந்த நீரை மீட்டுக்கொண்டு மறுநாள் அதைவிடக் கூடுதல் எடையுடன் வளையத்தில் ஏறுகிறார். அமெச்சூரிலோ களமிறங்கும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்த்து அன்றே மோத வேண்டும், ஆகவே முதல் நாள் வென்றாலும், வறண்ட உடலுடன் அடுத்த சுற்றுக்கும் அதே 65 கிலோவைக் காட்டியாக வேண்டும். மல்யுத்தம்தான் என்றாலும், பாரிஸ் 2024இல் வினேஷ் போகாட் இரண்டாம் நாள் காலையில் வெறும் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியையே இழந்தார்.

ஆண்களுக்கான அடுத்த பிரிவு 70 கிலோ. 67 கிலோவுடன் அதில் தாராளமாக ஆடலாம். 65தான் வேண்டுமென்றால், பயிற்சியாளர் மேற்பார்வையில் பல வாரங்களில் கொழுப்பைக் குறையுங்கள். நீரில் கை வைக்காதீர்கள்.