‘குழந்தை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம்’ என்கிறார் மாமியார்!

கேள்வி: எனக்கு 22 வயது, ஐந்து மாதம் முடிந்துவிட்டது. உயரம் 152 செ.மீ. கல்யாணத்தின்போது 42 கிலோ, இப்போது 44. நடவு வேலைக்குப் போகிறேன். நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்கிறார் மாமியார். சத்து மாத்திரை குமட்டுவதால் நிறுத்திவிட்டேன். எடை ஏறாதது தப்பா?
– பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: தப்பு உங்கள்மீது இல்லை தங்கச்சி. ஆனால் 2 கிலோ போதாது.

கர்ப்பத்தில் எத்தனை கிலோ ஏற வேண்டும் என்பது நீங்கள் தொடங்கிய எடையைப் பொறுத்தது. நம் ஊர் டாக்டர்கள் பொதுவாக 10 முதல் 12 கிலோ என்பார்கள். உங்கள் உயரத்துக்கு 42 கிலோ குறைவுதான். இப்படி மெலிந்த உடம்போடு தொடங்குபவர்களுக்கு 12.5 கிலோவுக்குக் குறையக் கூடாது என்கிறது, 2009-ல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதல். முதல் மூன்று மாதம் வாந்தியில் போனாலும், இனி வாரத்துக்கு அரை கிலோ ஏறினால் நல்லது.

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டுப் பிரசவத்தில் தாய்மார்கள் பட்ட பாட்டைப் பார்த்து வந்த பயம் அது. ஆனால் அரை வயிறு சாப்பிட்டால் பிரசவம் சுலபமாகிவிடாது. குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் வாய்ப்புதான் கூடும். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்காது, பால் குடிக்கத் தெம்பு இருக்காது, காய்ச்சல் சளி சீக்கிரம் பிடிக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறீர்கள்? நீங்கள்தான் என்றால், உங்கள் தட்டில் சோறும் ரசமும் இருக்கும். குழம்பில் கிடந்த காயும் முட்டையும் அதற்குள் தீர்ந்திருக்கும். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவளுக்கு அந்தச் சாப்பாடு வேலைக்கே சரியாகப் போய்விடும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அங்கன்வாடியில் தருகிற சத்துமாவு உங்கள் வயிற்றுக்குத்தான் போகிறதா, இல்லை வீட்டுக்கே உருண்டையாகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு ஆள் சாப்பாடு தேவையில்லை. கூடுதலாக ஒரு நாளைக்கு 350 கலோரி போதும். இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். வயலுக்குப் போகும்போது கடலையை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கும். ஒரே மூச்சில் சாப்பிட முடியாவிட்டால் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நடவைக் குறைத்து, மதியம் ஒரு மணி நேரமாவது இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

மாத்திரையை நிறுத்தியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தசோகை இருந்தால் பசியும் மந்தம், அசதியும் கூடும். ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள், குமட்டல் பெரும்பாலும் குறையும். டீயோடு மட்டும் வேண்டாம், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தருகிற பிக்மி எண் வாங்கிவிட்டீர்கள்தானே? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் அதே மெஷினில் ஏறுங்கள், மெஷினுக்கு மெஷின் ஒரு கிலோ கூடக் குறைய காட்டும். அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாக ஆகும், நர்ஸம்மா சொன்னால் கேட்டுக்கொள்வார்.

இரண்டு மாதத்திலும் எடை அசையவில்லை என்றால் ஸ்கேனில் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் திடீரென்று ஒன்றிரண்டு கிலோ ஏறி, முகம் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அது சத்து இல்லை, பிரஷராக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.