பாலர் பள்ளி டீச்சரைக் கேளுங்கள்: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து சில பதில்கள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர் 2007லேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. நம் வாயில் மட்டும் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தொண்டு அமைப்பு பாலர் பள்ளி நடத்துகிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் மலிவு விலை வீடுகளிலிருந்தும் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள், எல்லாம் கைக்கும் வாய்க்கும் எட்டாத குடும்பங்கள். ஆரம்பத்திலிருந்தே நான் அங்கேதான் இருக்கிறேன். வந்த கேள்விகளில் பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், மாசம் எவ்வளவு கட்டணும்? வீட்டுக்காரர் லோரி அட்டெண்டன். எனக்கு வேலை இல்ல. (தாயார், செம்பனைத் தோட்டம்)

மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்). முழுக்க இலவசமாக வைத்துப் பார்த்தோம்மா. மழை பெய்தால் லீவு, மாமா வீட்டில் காதுகுத்து என்றால் ஒரு வாரம் லீவு. 10 வெள்ளி வாங்க ஆரம்பித்த பிறகு லீவு குறைந்தது. கட்ட முடியாத மாதம் யாரும் கேட்க மாட்டோம். கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதுவும் கட்டணம்தான்.

எங்களிடம்தான் சேர்க்க வேண்டும் என்றில்லை. தமிழ்ப்பள்ளியோடு இருக்கும் அரசாங்கப் பாலர் வகுப்பில் முதலில் கேளுங்கள், ஆனால் ஒரு வகுப்புக்கு 25 பேர்தான். பக்கத்தில் கெமாஸ் தாபிகா (அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டு இலாகா நடத்தும் பாலர் பள்ளி) இருந்தால் அதையும் பாருங்கள். தனியார் பாலர் பள்ளி என்றால், பி40 எனப்படும் குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களுக்கு மித்ரா (இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவு) கட்டண உதவி கொடுத்து வந்திருக்கிறது, இந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று அந்தப் பள்ளியிலேயே கேளுங்கள். இதெல்லாம் கிடைக்காத பிள்ளைகளுக்குத்தான் நாங்கள்.

நாங்கள் எல்லாம் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர்கள். படிக்காமலா போனோம்? 4 வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? (ஓய்வு பெற்ற கிராணி, அதாவது தோட்ட எழுத்தர்)

ஐயா, நானும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைதான். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிற அம்மா, தூக்கம் கலையாத என்னைத் துணியோடு சுருட்டி ஆயா கையில் கொடுத்துவிட்டுப் போவார். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பால் மணம், ஈ. ரப்பர் மரத்தில் பால்வெட்ட முடியாமல் போன வயதான பாட்டிதான் ஆயா. பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்ட அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கொட்டகை யாருக்காகக் கட்டியது? தாய் நிம்மதியாகப் பால்வெட்ட வேண்டும், அதற்காக. தோட்டப் பள்ளிகளின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். 7 முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 7 வயதுக்குக் கீழே? கொட்டகைதான்.

இன்னொன்று, அன்றைக்குக் கொட்டகைக்கு வெளியே ஒரு தோட்டமே இருந்தது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பத்து வீட்டுப் பெரியவர்கள் பேசுவார்கள், சாவடியில் கதை கேட்கும், கோயிலில் பாட்டு கேட்கும். பிள்ளைக்குச் சொற்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, மக்கள் டவுனுக்கு வந்தார்கள். இன்று ஒரு மலிவு விலை வீட்டின் நான்காம் மாடியில் ஒரு பாட்டி, ஒரு பிள்ளை, ஒரு கைப்பேசி. நீங்கள் வளர்ந்த இடத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், ஐயா.

பேத்திக்கு 5 வயசு. சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இல்ல. மகளும் மருமகனும் கோயில்ல தாலி கட்டுனதோட சரி. பள்ளியில சேர்த்துக்குவீங்களா? (பாட்டி)

சேர்த்துக்கொள்கிறோம் பாட்டி. நாளைக்கே அனுப்புங்கள். ஆனால் அதோடு விட்டுவிட்டால் பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகும்போது மறுபடி இதே இடத்தில் நிற்போம்.

தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டிவிட்டால் தாமதப் பதிவு. அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, சாட்சி, நேர்காணல் என்று அலைச்சல் உண்டு. முடியாத காரியம் இல்லை. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதமும், கிளினிக்கில் ஊசி போட்ட புத்தகமும் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். பெண் பிள்ளை என்பதால் இளஞ்சிவப்புப் புத்தகமாக இருக்கும்.

பெரிய சிக்கல் தாலி விஷயத்தில் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் கட்டிப் பதியாமல் விட்டால், சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை, பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்தொடரும். உங்கள் மகளுக்கு நீல ஐசி (குடிமக்களின் அடையாள அட்டை) என்றால் பெரும்பாலும் பயமில்லை. சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளின் அட்டை) என்றால், மருமகன் நீல ஐசிக்காரராக இருந்தாலும், பத்திரத்தில் ‘புக்கான் வார்கானெகாரா’ (குடிமகன் அல்ல) என்று வந்துவிடலாம். பிறகு கல்யாணத்தைப் பதிந்தாலும் அந்த வரி தானாக மாறாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும்.

அதனால்தான் சேர்க்கும் நாளில் நாங்கள் முதலில் கேட்பது பத்திரம். கையில் வந்ததும் பிள்ளையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். குடியுரிமை நிலை என்ற வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். பதிவிலாகாவுக்குப் போகும் அன்று எங்கள் ஆள் ஒருவர் கூட வருவார். முகப்பில் மலாயில் ஏதாவது கேட்டால் பயந்து திரும்பி வந்துவிடுகிற தாய்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆறு மாசமா வர்றான், இன்னும் ‘அ’ எழுதத் தெரியல. விளையாட்டுதான் சொல்லிக் கொடுக்கிறீங்க போல. (தந்தை)

ஆமாம், விளையாட்டுதான். உங்கள் மகன் வந்த முதல் வாரம் கத்தரிக்கோலை மூடத் தெரியவில்லை, இரண்டு கையாலும் பிடித்தான். பென்சில் எப்படி நிற்கும்? கோதுமை மாவைப் பிசைந்தான், துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டினான். உதிரிச் செம்பனைப் பழத்தைப் பால் டின்னில் பத்துப் பத்தாகப் போட்டு எண்ணினான், விரலெல்லாம் ஆரஞ்சு எண்ணெய். போன வாரம் டின்னைக் கவிழ்த்து, எண்ணாமலே "டீச்சர், இதுல பத்து இல்ல" என்றான். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. எனக்கு அது ‘அ’வைவிடப் பெரிய விஷயம். ‘அ’ தானாக வரும்.

அடிச்சு வளர்த்தாத்தான் உருப்படுவான். நீங்களும் ரெண்டு போடுங்க. (இன்னொரு தந்தை)

போட மாட்டோம். நீங்களும் போடாதீர்கள், அண்ணே. மற்றதை நேரில் பேசுவோம்.

மூணு வயசாகுது, ‘ம்மா’ தவிர ஒண்ணும் பேசல. ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்னு மாமியார் சொல்றாங்க. (தாயார்)

மாமியார் பேச்சைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்மா. அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போய் ‘பேச்சு வரவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எடை பார்த்து அனுப்பிவிடுவார்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்களிடம் பிடிவாதக்காரன் என்று வந்த ஒரு பையனுக்கு ஒரு காது சரியாகவே கேட்கவில்லை. டாக்டர் குறைபாடு என்று உறுதி செய்தால் சமூக நல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பிடிகே (சமூக மறுவாழ்வு) மையங்களும் இருக்கின்றன. அட்டை எடுத்தால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கைப்பேசி: 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் மொத்தத் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சோறு ஊட்டும்போது மட்டுமாவது அதை எடுத்து வையுங்கள். அந்த இருபது நிமிடம் நீங்கள் பேசினாலே போதும்.

வீட்டில் எந்த மொழி பேசுவது? மலாய் பழக்கினால் பள்ளியில் சுலபம் என்கிறார்கள்.

உங்களுக்கு நன்றாக வருகிற மொழி. இங்கே பெரும்பாலும் தமிழ். அரைகுறை ஆங்கிலத்தில் ‘கம் ஈட்’ என்பதைவிட, "கையை அலம்பிட்டு வா, ரசம் ஆறிப்போகுது" என்பதில் சொல் அதிகம்.

நன்கொடை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இதனால் உண்மையில் பலன் உண்டா? பழைய பொம்மை, புத்தகம் வாங்குவீர்களா? (கிள்ளானில் வேலை பார்ப்பவர்)

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் நடந்தது. ஏழைக் குடும்பங்களின் 123 பிள்ளைகளில் 58 பேருக்கு மட்டும் நல்ல பாலர் பள்ளி. பிறகு எல்லோரையும் 40 வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். ஐகியூ வித்தியாசம் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் பாலர் பள்ளிக்குப் போனவர்கள் பள்ளியை முடித்ததும், வேலையில் இருந்ததும், போலீஸில் சிக்காமல் இருந்ததும் அதிகம். ஆய்வைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: வாரம் ஒருமுறை ஆசிரியை பிள்ளையின் வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் இருந்தார். எங்கள் பணத்தில் பெரும்பகுதியும் அதற்கும் வேனுக்கும் சாப்பாட்டுக்கும்தான் போகிறது. 2022ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். காலையில் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் பாடம் முட்டைதான்.

பொம்மை ஏற்கனவே மூட்டை மூட்டையாக இருக்கிறது, பாதி கால் உடைந்தது. தமிழ்ப் படக்கதை என்றால் கொடுங்கள். வரி விலக்கு ரசீது வேண்டுமென்றால், எந்த அமைப்பாக இருந்தாலும் வருமான வரிச் சட்டத்தின் 44(6) அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரோஸில் (சங்கப் பதிவிலாகாவில்) பதிவு மட்டும் இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடிச்சிருக்கேன், அங்க டீச்சரா சேரலாமா அக்கா?

உதவியாளராக வா, தங்கை. டீச்சராக வேண்டுமென்றால் பாலர் கல்வி டிப்ளோமா வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்கலாம். முதல் மாதம் வேனில்தான் போவாய்.

வேன் எத்தனை மணிக்கு வரும்? எங்க தோட்டம் உள்ளே ரொம்ப தூரம். (தந்தை)

ஆறே காலுக்கு ஆலைச் சந்திப்பில் நிற்கும். பழ லோரிகள் கிளம்பும் நேரம், செம்மண் ரோட்டில் ஓரம் கட்டித்தான் வரவேண்டும். மழை நாளில் பத்து நிமிடம் பிந்தும், காத்திருங்கள். பிள்ளைக்குக் காலணி இல்லாவிட்டால் ஜப்பான் சிலிப்பர் போதும். தலை மட்டும் துவட்டி அனுப்புங்கள், வேன் ஜன்னல் ஒன்று மூடாது.