வாசகர் கேள்வி - பதில்: கானி ஃபிரான்சிஸின் இத்தாலியப் பாடல்கள்

கேள்வி: 'ஸ்டூபிட் கியூபிட்', 'லிப்ஸ்டிக் ஆன் யுவர் காலர்' என்று துள்ளலான பாடல்களால் பெயர் பெற்ற அமெரிக்கப் பாடகி கானி ஃபிரான்சிஸ், 1959ஆம் ஆண்டிலேயே முழுக்க முழுக்க இத்தாலியப் பாடல்களுக்காக ஓர் இசைத்தட்டை வெளியிட்டிருக்கிறார். இளைஞர்களை நம்பியிருந்த ஒரு பாடகி ஏன் அந்தப் பக்கம் திரும்பினார்?
- கு.ச., தஞ்சாவூர்

பதில்: அந்த யோசனை அவருடைய தந்தை ஜார்ஜ் ஃபிராங்கொனேரோவுடையது. மகளின் தலைவிதியை அவர் அதற்கு முன்பே ஒருமுறை மாற்றியவர். 1955இல் எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தமான கானியின் இசைத்தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று, பாட்டை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடலாம் என்று அவர் எண்ணியிருந்த வேளையில், 1923ஆம் ஆண்டின் பழைய பாடலான 'ஹூஸ் சாரி நவ்'வைப் பாடும்படி தந்தை வற்புறுத்தினார். 1957 அக்டோபரில் அரைமனதோடு பாடிய அந்தப் பாடலை 1958ஆம் ஆண்டின் முதல் நாளன்று டிக் கிளார்க் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒலிபரப்பினார். அது அமெரிக்காவில் நான்காம் இடத்தையும், பிரிட்டனில் ஆறு வாரங்கள் முதலிடத்தையும் பிடித்தது. பதின்வயதினரின் ரசனை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறக்கூடியது. பெரியவர்களும் காசு கொடுத்து வாங்கும்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்று அடுத்து அவர் நினைத்ததில் வியப்பில்லை.

காலமும் கைகொடுத்தது. 1958இல் டொமேனிகோ மொதுன்யோ இத்தாலிய மொழியிலேயே பாடிய 'வொலாரே' அமெரிக்கப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், ஆண்டின் சிறந்த இசைப்பதிவு என்ற இரு விருதுகளையும் அதுவே பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஆபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், டோனி ஆஸ்போர்னின் வாத்தியக் குழுவோடு கானி இந்தத் தொகுப்பைப் பாடி முடித்தார். நவம்பரில் வெளிவந்த அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறி, மொத்தம் 81 வாரங்கள் அதில் நீடித்தது. அவருடைய வேறு எந்தத் தொகுப்பும் அந்த அளவுக்கு ஓடவில்லை.

கேள்வி: கானி ஃபிரான்சிஸுக்கு இத்தாலிய மொழி பிறப்பிலேயே வந்ததா, அல்லது எழுதி வைத்துக்கொண்டு பாடியதா? அந்தத் தொகுப்பில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாடல் எது?
- வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: அவருடைய இயற்பெயர் கன்செட்டா ஃபிராங்கொனேரோ. நியூ ஜெர்சி மாநிலத்து நியூஆர்க் நகரில், இத்தாலியரும் யூதரும் அடுத்தடுத்து வாழ்ந்த தெருக்களில் வளர்ந்த அமெரிக்கப் பெண் அவர். அவருக்குப் பேச்சுமொழி ஆங்கிலம். இத்தாலியம் குடும்பத்துப் பெரியவர்களின் மொழி. தொகுப்பிலுள்ள பாடல்களில் பல இரண்டு மொழிகளிலும் மாறி மாறிச் செல்வதற்குச் சந்தைக் கணக்கு ஒரு காரணம் என்றாலும், அந்த வீடுகளில் பேச்சு உண்மையிலேயே அப்படித்தான் மாறி மாறிச் சென்றது என்பதையும் மறக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த பாடல் 'மாமா'. தாயை நோக்கிப் பாடும் பாடல். செசாரே ஆந்திரேயா பிக்ஸியோ இசையமைக்க, பிக்ஸியோ கெருபீனி 1940இல் எழுதிய இதை ஓபரா பாடகர் பெனியாமினோ ஜீலி புகழ்பெறச் செய்தார். மூலப் பாடலில் மகன் தாயிடம் திரும்பி வந்துவிட்ட மகிழ்ச்சியைப் பாடுகிறான். ஆங்கில வரிகளிலோ அந்தச் சந்திப்பு இன்னும் நடக்கவில்லை. பாடுபவர் தொலைவில் இருந்தபடி, பொழுது சாயும் நேரத்தில் தாயை நினைத்துக்கொள்கிறார். கப்பலேறிப் போய்த் திரும்பாத இலட்சக்கணக்கானோரின் நிலை இந்த இரண்டாவது வடிவத்தில்தான் இருக்கிறது. கானி ஆங்கில வரிகளை ஏறக்குறைய பேசுவதுபோல் அடக்கிப் பாடிவிட்டு, பல்லவிக்கு வரும்போது இத்தாலிய மொழிக்கு மாறிக் குரலை முழுதாகத் திறக்கிறார். தாயைக் கூப்பிடும் அந்த முதல் சொல்லில் ஒரு விம்மல் தட்டுவதைக் கவனித்துக் கேளுங்கள். இது மிகையான உருக்கம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. தென் இத்தாலியப் பாட்டு மரபே உணர்ச்சியை மறைக்காத மரபு என்பதால், அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. 1960இல் இது தனி இசைத்தட்டாக வந்து அமெரிக்காவில் எட்டாம் இடத்தையும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பெற்றது.

எல்லாப் பாடல்களும் இந்த உயரத்தில் இல்லை. 'வொலாரே'யில் மொதுன்யோ கைகளை விரித்துப் பறப்பதுபோல் பாடிய அந்தக் களிப்பு கானியிடம் கிடைக்கவில்லை; நன்றாகப் பாடியிருக்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: இத்தாலியில் படிக்கும் என் மகள், இந்தத் தொகுப்பில் உள்ளவற்றில் பல 'இத்தாலியப் பாடல்களே அல்ல, நேப்பிள்ஸ் பாடல்கள்' என்கிறாள். இரண்டும் ஒன்றில்லையா?
- ரா.வே., கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. நேப்பிள்ஸ் நகரின் மொழிக்குத் தனி இலக்கணமும், நெடிய பாட்டு மரபும் உண்டு. 1898இல் ஜொவான்னி கப்புரோ எழுதி எதுவார்தோ தி கப்புவா இசையமைத்த 'ஓ சோலே மியோ', தெ குர்த்திஸ் சகோதரர்களின் 'தோர்னா அ சுரியெந்தோ', 1950இல் வந்த 'ஆனெமா எ கோரே' ஆகிய மூன்றும் அந்த மொழியில் எழுதப்பட்டவை. இவை எப்படி வெளிநாடுகளில் 'இத்தாலியப் பாடல்' என்ற பெயரைப் பெற்றன என்பதற்குக் காரணம் மக்கள் குடிபெயர்ந்த வரலாற்றில் இருக்கிறது. 1880 முதல் 1920 வரையிலான காலத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்கா சென்றனர்; அவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ் அமைந்த கம்பானியா, கலாப்ரியா, சிசிலி போன்ற வறிய தென்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கொண்டுபோன பாட்டே அமெரிக்கர்களின் காதில் இத்தாலியின் பாட்டாக நிலைத்தது.

பிறகு அந்த மெட்டுகள் ஆங்கில வரிகளோடு ஊரெல்லாம் பரவின. கானி இத்தொகுப்பில் பாடும் 'தேர்ஸ் நோ டுமாரோ', 'ஓ சோலே மியோ'வின் மெட்டுக்கு எழுதப்பட்டு 1949இல் டோனி மார்ட்டின் பாடியது. கானியின் தொகுப்பு வந்த அடுத்த ஆண்டே, 1960இல், எல்விஸ் பிரெஸ்லி அதே மெட்டில் 'இட்ஸ் நவ் ஆர் நெவர்' பாடி உலகையே கட்டிப்போட்டார். 'ஐ ஹாவ் பட் ஒன் ஹார்ட்' என்ற பாடலும் நேப்பிள்ஸிலிருந்து வந்ததுதான். 'காட்ஃபாதர்' திரைப்படத்தின் கல்யாணக் காட்சியில் அதைக் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: இந்த வெற்றிக்குப் பிறகு அவர் வேறு மொழிகளில் பாடினாரா? புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகர், மதுரை

பதில்: பாடினார். 1960இல் மட்டும் யூதப் பாடல்களுக்கு ஒரு தொகுப்பு, ஸ்பானிஷ் பாடல்களுக்கு ஒன்று, இத்தாலியப் பாடல்களுக்கு மற்றொன்று என்று வந்தன. 'எவ்ரிபடிஸ் சம்படிஸ் ஃபூல்' பாடலின் ஜெர்மன் வடிவம் அதே ஆண்டில் ஜெர்மனியில் முதலிடம் பெற்றது. பிரெஞ்சிலும் ஜப்பானிய மொழியிலும்கூடப் பாடினார். 1963இல் வெளியான 'மாடர்ன் இத்தாலியன் ஹிட்ஸ்', பாட்டிமார் காலத்துப் பாடல்களை விட்டு, அப்போது இத்தாலியில் ஒலித்துக்கொண்டிருந்த புதிய பாடல்களை எடுத்துக்கொண்டது. 1965இல் சான்ரேமோ இசைவிழாவில், ஒவ்வொரு பாடலையும் இருவர் தனித்தனியே பாடும் அக்கால முறைப்படி, ஜில்யோலா சின்கெத்தியும் இவரும் ஒரே பாடலைப் பாடினர். புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பெண் இத்தாலியின் மிகப்பெரிய பாட்டு மேடையில் இத்தாலியர்களுக்கே பாடியதை நான் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். 2025 ஜூலையில், தம் 87ஆம் வயதில் அவர் காலமானார்.

முதலில் 1959ஆம் ஆண்டுத் தொகுப்பின் 'மாமா', அடுத்து 'ஆனெமா எ கோரே', அதன்பின் 1963ஆம் ஆண்டுத் தொகுப்பின் 'அல் தி லா' என்ற வரிசையில் கேளுங்கள். நான்கே ஆண்டுகளில் குரல் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.