எம்.ஐ.டி. எலெக்ட்ரானிக்ஸா, தனியார் கல்லூரியா: சீனியர் பேச்சை எப்படிக் கேட்கணும்

தம்பி, உங்க கட்-ஆஃபுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (அண்ணா பல்கலைக்கழகத்தோட மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) எலெக்ட்ரானிக்ஸ் கிடைக்கும்னு எழுதியிருக்கீங்க. ஆனா "பேராசிரியர்கள் ஸ்லைடைப் படிச்சிட்டுப் போயிடுவாங்க"னு சீனியர்கள் சொன்னதால கவுன்சிலிங் விருப்பப் பட்டியல்ல தனியார் கல்லூரியை மேல போடலாமான்னு கேக்குறீங்க. அவசரப்படாதீங்க.

அந்தப் பேச்சை ஒதுக்கவும் வேண்டாம். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாம, தற்காலிக ஆசிரியர்களை வெச்சு வகுப்பை ஓட்டுறது தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள்ல நீண்ட நாள் பிரச்சினை. அதனால ஒரே துறையில ஒரு பேப்பர் அருமையா போகும், அடுத்தது சுமாரா போகும். "காலேஜ் எப்படி அண்ணா?"ன்னு பொதுவா கேட்டா, போன செமஸ்டர் கோபம்தான் பதிலா வரும்.

குறிப்பா கேளுங்க. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தை யார் எடுத்தாங்க? போர்டில் கணக்கைப் போட்டுக் காட்டினாங்களா? இன்டர்னல் பேப்பரைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாங்களா? லேபில் ஒரு ஆசிலாஸ்கோப்புக்கு (மின் சிக்னலைத் திரையில காட்டுற கருவி) எத்தனை பேர்? மூணாம் வருஷத்துல நல்லா படிக்கிறவர், அரியர் வெச்சிருக்கிறவர் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டாத்தான் படம் தெளிவாகும்.

இன்னொண்ணு, எம்.ஐ.டி. 1949ல தொடங்கின கல்லூரி, அப்துல் கலாம் ஏரோநாட்டிக்கல் படிச்ச இடம். ஆனா இந்தப் பேருக்காக மட்டும் சேராதீங்க. அது அண்ணா பல்கலைக்கழகத்தோட சொந்த வளாகம். நல்ல ஆசிரியர் கிடைச்சா பாடத்தை ஆழமா கொண்டு போக முடியும். கட்டணமும் ரொம்பக் குறைவு.

இதே கேள்விகளை அந்தத் தனியார் கல்லூரிப் பசங்ககிட்டயும் கேளுங்க. சாய்ஸ் ஃபில்லிங் முடியறதுக்குள்ள கேட்டுடுங்க.