டிஜிட்டல் ரூபாய்க்குப் பயந்து பீரோவில் ஆறு லட்சம்

கேள்வி: எனக்கு வயது 57. கணவர் ஓய்வு பெற்றபோது வந்ததில் பத்து லட்சத்தை வங்கியில் எஃப்.டி. போட்டிருந்தோம். இனிமேல் ரூபாய் நோட்டே இருக்காது, எல்லாம் டிஜிட்டல் ரூபாய்தான், நாம் எதை வாங்கலாம் என்பதை அரசே முடிவு செய்யும், நினைத்தால் முடக்கிவிடும் என்று தினமும் வீடியோ வருகிறது. பயந்துபோய் எஃப்.டி.யை உடைத்து ரொக்கமாக எடுத்துவிட்டேன். அதில் நான்கு லட்சத்தைத் தம்பி தொழிலுக்கென்று கைமாற்றாக வாங்கிக்கொண்டான். முதல் ஒரு லட்சம் 2024 தீபாவளிச் சமயம், மீதி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. எழுத்தில் எதுவும் இல்லை. ஆறு லட்சம் பீரோவில் இருக்கிறது. அரசு கை வைக்க முடியாத ஒரு கிரிப்டோ காயினில் அதைப் போடச் சொல்கிறான். மகள் கல்யாணத்துக்கு வங்கியில் வாங்கிய மூன்று லட்சம் நகைக்கடனுக்கு வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறேன். என்ன செய்யட்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். டிஜிட்டல் ரூபாய் என்பது நோட்டுக்குப் பதில் ரிசர்வ் வங்கியே மின்னணு வடிவில் வெளியிடும் பணம். சில்லறைப் பயன்பாட்டுக்கு அதை 2022 டிசம்பர் 1 அன்று சோதனையாகத் தொடங்கியது. இன்ன செலவுக்கு மட்டும் என்று பணத்துக்கே நிபந்தனை போடும் வசதியைச் சேர்க்கப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஒடிசாவிலும் ஆந்திராவிலும் குத்தகை விவசாயிகளுக்கு ஸ்டேட் வங்கி இந்த முறையில் கடன் கொடுத்துப் பார்த்தது. விதை, உரம் மாதிரி விவசாயச் செலவுக்கு மட்டுமே அந்தப் பணம் செல்லும். கடன் வேறு வழியில் போகாமல் இருக்க இது உதவும், சரி. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அதே விவசாயி மருந்துக்கடைக்குப் போனால் அந்தப் பணம் செல்லாது. இன்று கடனுக்குப் போடுகிற நிபந்தனையை நாளை உதவித்தொகைக்கும் சம்பளத்துக்கும் போட முடியும். அதைத் தடுக்க வேண்டியது சட்டம்.

அந்தச் சட்டத்தில்தான் ஓட்டை. சின்னத் தொகைகளுக்கு ரொக்கம் போலவே ரகசியம் இருக்கும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 அக்டோபர் கருத்துரு அறிக்கை சொல்கிறது. அறிக்கையில் இருப்பதை வைத்து நாம் கோர்ட்டுக்குப் போக முடியாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டிருக்கிறது. இதை யார் கேள்வி கேட்டாலும் நான் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் நோட்டு ஒழிந்துவிடும் என்ற பேச்சுக்கு இன்று ஆதாரம் இல்லை. 2025 மார்ச் கணக்குப்படி புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாய் 1,016 கோடி. ரூபாய் நோட்டுகள் 36 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாய்க்கு மூன்று பைசா கூடத் தேறவில்லை.

ஒருவேளை அரசு நோட்டின் மேல் கை வைத்தாலும் முதலில் அடிபடுவது பீரோவில் இருக்கும் பணம்தான். நைஜீரியா 2021ல் இ-நைரா என்ற தன் டிஜிட்டல் பணத்தைக் கொண்டுவந்தது, மக்கள் சீந்தவில்லை. அடுத்து வங்கியில் ரொக்கம் எடுக்க உச்சவரம்பு போட்டார்கள், பழைய நோட்டுகளை மாற்றச் சொன்னார்கள். 2023 தொடக்கத்தில் கையில் பழைய நோட்டை வைத்துக்கொண்டு ஜனங்கள் வங்கி வாசலில் தவித்தார்கள். 2016 நவம்பர் 8 ராத்திரியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தை அரசின் கண்ணில் படாமல் எடுத்துவிட்டதாக நினைக்கிறீர்கள். எஃப்.டி. முறித்தது, ரொக்கம் எடுத்தது, தேதி, தொகை எல்லாம் உங்கள் பெயரிலேயே வங்கியில் பதிவாகியிருக்கிறது. எங்குமே பதிவாகாதது ஒன்றுதான்: தம்பி வாங்கிய கடன். இந்த ரகசியத்தால் லாபம் அவருக்கு மட்டும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். நகைக்கடன் மூன்று லட்சம், 9 சதவீதம் என்றால் வருஷ வட்டி 27,000. பீரோவில் இருப்பதில் பாதி போட்டால் இன்றே அடைந்துவிடும். மீதி மூன்று லட்சம் எஃப்.டி.யில் இருந்தால் 6.5 சதவீதத்தில் 19,500 வரும். தம்பியிடம் இருக்கும் நான்கு லட்சத்துக்கு 26,000. ஆக 72,500. மாதம் ஆறாயிரம் ரூபாய் சும்மா போகிறது. நீங்கள் பயப்படுகிற அரசு இதில் ஒரு ரூபாய் கூட எடுக்கவில்லை.

நாளைக்கே பான் கார்டோடு வங்கிக்குப் போய் நகையை மீட்டுவிடுங்கள். எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் எஃப்.டி. முறித்த ஸ்டேட்மென்ட் இருக்கிறது, தயங்க வேண்டாம். வீட்டில் இரண்டு மாதச் செலவுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயமான எச்சரிக்கை. மிச்சம் எஃப்.டி.க்குப் போகட்டும்.

காயின் வேண்டவே வேண்டாம். தனியார் காயினுக்கு எந்த வங்கியும் பொறுப்பில்லை. வாங்கி விற்று லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, நஷ்டம் வந்தால் அதை வேறு எதிலும் கழித்துக்கொள்ளவும் முடியாது. அரசுக்குப் பயந்து ஓடுகிறவர்களைக் குறிவைத்தே இவற்றை விற்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை இல்லை. "ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயில் முதலீடு" என்று யாராவது வந்தாலும் கதவைச் சாத்துங்கள். அதற்கு வட்டியே கிடையாது.

தம்பிக்கு இனிமேல் ரொக்கமாக ஒரு பைசா கொடுக்காதீர்கள். இருபதாயிரமோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். அந்த அளவுக் கடனை ரொக்கமாகத் திருப்பித் தருவதற்கும் தடை உண்டு. அதனால் அவர் தருவதை உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். "அக்கா தம்பிக்குள்ள என்ன பத்திரம்" என்பார். எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினார், எப்போது தருவார் என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கடன் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. முதல் ஒரு லட்சத்துக்கு அது 2027 தீபாவளியோடு முடிகிறது. அதற்கு முன்னால் கையெழுத்து வந்தால் கெடு புதிதாகத் தொடங்கும்.