தலசீமியா குழந்தைக்கு ஊர் எப்படித் துணை நிற்கலாம்?

கேள்வி: எங்கள் தெருவில் 7 வயதுச் சிறுமிக்குத் தலசீமியா மேஜர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தருமபுரிக்கு அழைத்துப்போய் ரத்தம் ஏற்றுகிறார்கள். மே 8, உலகத் தலசீமியா நாளில் எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் பெரிய ரத்ததான முகாம் நடத்த நினைக்கிறோம். 100 பேர் தயாராக இருக்கிறார்கள். விழிப்புணர்வுக்கும் ஏதாவது செய்ய ஆசை. என்ன செய்யலாம்?
- வாசகர், அரூர்

பதில்: உங்கள் கடிதம் மனத்தை நிறைத்தது. ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். அந்த 100 பேரையும் ஒரே நாளில் படுக்கவைக்காதீர்கள்.

தலசீமியா மேஜரில் உடலால் போதிய ஹீமோகுளோபின் தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து வரும் ரத்தம்தான் ஆதாரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 17 முறை. வளர வளரப் பைகளின் எண்ணிக்கையும் கூடும். பிரித்தெடுத்த சிவப்பணுக்களையோ அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். இந்தக் குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு உட்பட்ட ரத்தத்தையே விரும்புவோம். மே மாதத்தில் நீங்கள் கொடுப்பது ஆகஸ்டில் அவளுக்கு உதவாது.

எங்கள் வார்டில் வாராவாரம் பார்க்கும் காட்சி இது. ஏற்றும் நாளன்று காலையில் குழந்தை நான்கு படி ஏறுவதற்குள் தாயின் இடுப்பில் சாய்ந்துகொள்ளும். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய புறங்கையில் செவிலியர் நரம்பு தேடுவார். சாயங்காலம் அதே குழந்தை பசிக்கிறது என்று இட்லி கேட்கும். ரத்தம் இல்லை, நாளை வாருங்கள் என்று சொல்லும்படி ஆனால் அந்தப் படிகளை இன்னொரு நாளும் அவள் ஏற வேண்டும்.

ஆகவே 100 பேரை மாதத்துக்கு எட்டுப் பேராகப் பிரித்துப் பட்டியல் போடுங்கள். 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ரத்த வகை எதுவானாலும் வங்கிக்குப் பயன்படும். அவளுடைய வகையினரை மட்டும் தனியே குறித்துவைத்து, அவசரத்துக்கு அழையுங்கள். மே மாதம் கல்லூரிகள் அடைத்திருப்பதால் கொடையாளர்கள் குறைவார்கள். அந்த மாதப் பட்டியலில் நான்கைந்து பேரைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். அப்பா, அண்ணன், தங்கை போன்ற நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தை அவளுக்கு ஏற்றக் கூடாது. பின்னாளில் உடன்பிறந்தவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றும் வாய்ப்பு வந்தால், உடல் அதை நிராகரிக்கும் ஆபத்தை இது கூட்டும். அடுத்தது, அன்போடு வாங்கிக்கொண்டு போகும் இரும்புச்சத்து டானிக். அவளுக்கு இரும்பு குறைவு இல்லை. ஒவ்வொரு பையோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. உடல் தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத்தான் தினமும் மாத்திரை. மாத்திரை தவறாமல் கிடைக்கிறதா என்று அவள் அம்மாவிடம் கேட்டால், அதுவே பெரிய உதவி.

விழிப்புணர்வுக்குப் பேனர் வேண்டாம், புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல இரண்டு கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்று அம்மா, ஒன்று அப்பா. இருவருமே தலசீமியா மைனர், அதாவது நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். வெள்ளைப் பக்கம்தான் தலசீமியா மரபணு. உருட்டுங்கள். இரண்டும் வெள்ளையாக விழுந்தால் குழந்தைக்கு மேஜர். ஒன்று மட்டும் வெள்ளை என்றால் பெற்றோரைப் போல மைனர். நான்கில் ஒரு பங்கு ஆபத்து ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக வரும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்பதில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று முறையில் கட்டும் குடும்பங்களில் இரண்டு கொட்டையும் ஒரே வீட்டிலிருந்து வர வாய்ப்பு அதிகம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

மைனரைக் கண்டறிய முதலில் சாதாரண ரத்த அணுப் பரிசோதனை போதும். சிவப்பணுவின் சராசரி அளவு (அறிக்கையில் MCV என்றிருக்கும்) 80-க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்க வேண்டும்; அது 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் மைனர்தான். அந்தச் சிறுமியின் சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். முடிவை மேடையில் வாசிக்காதீர்கள். உரியவரிடம் மட்டும் கொடுங்கள். பெண்களை மட்டும் சோதிக்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மைனர் என்ற ஒரு சொல்லைக் காட்டிப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும், மாப்பிள்ளையை யாருமே சோதித்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணி மைனர் என்று தெரிந்தால் அன்றே கணவருக்கும் சோதனை. இருவரும் மைனர் என்றால் சுமார் 11 வாரத்திலேயே கருவைப் பரிசோதிக்க முடியும்.

குடும்பத்திடம் இன்னும் சிலவற்றைச் சொல்லுங்கள். தலசீமியா 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அரசு ரத்த வங்கியில் இவர்களுக்கு ரத்தம் இலவசம், மாற்றுக் கொடையாளரைக் கேட்கக் கூடாது. உடன்பிறந்தவரின் திசு பொருந்தினால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே நோயைத் தீர்க்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் செய்கிறார்கள். அதற்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் உதவித் திட்டமும் உண்டு.

அடுத்த முறை அவள் தருமபுரிக்குக் கிளம்பும்போது மன்றத்திலிருந்து ஒருவர் கூடப் போங்கள். பட்டியலை ரத்த வங்கி மருத்துவரிடம் காட்டி, எந்த மாதம் எத்தனை பேர் வரலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.