ஆர்ஓ, யுவி, யுஎஃப்: வீட்டுக்கு எந்தச் சுத்திகரிப்பான் சரி?

"ஆர்ஓ, யுவி, யுஎஃப் என்கிறார்கள், எதை வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்ஓ என்பது தண்ணீரை மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிப்பது, யுவி என்பது புற ஊதாக் கதிரால் கிருமியை அழிப்பது, யுஎஃப் என்பது மிக நுண்ணிய துளைகள் வழியாக வடிகட்டுவது. விற்பவரைக் கேட்டால் மூன்றும் சேர்ந்ததைத்தான் காட்டுவார். முதலில் உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கரைந்திருக்கும் உப்புகளின் அளவுதான் டிடிஎஸ். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாகச் சுவை நன்றாக இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது. இந்த மூன்றில் உப்பைக் குறைப்பது ஆர்ஓ மட்டும்தான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குப் பல சமயம் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள், எவ்வளவு போகிறது என்று தெரியும். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

உப்பு குறைவு, கிருமிதான் கவலை என்றால் ஆர்ஓ தண்டச் செலவு, யுவி போதும். ஒரே சிக்கல், தண்ணீர் கலங்கலாக இருந்தால் துகள்களின் மறைவில் கிருமிகள் தப்பிவிடும். அதனால் முன்னால் ஒரு வடிகட்டி அவசியம். மின்சாரம் அடிக்கடி போகிறதா? மின்சாரமே வேண்டாத யுஎஃப் வகையைப் பாருங்கள். அதன் துளை சுமார் 0.01 மைக்ரான், பாக்டீரியா நுழையாது, சில வைரஸ்கள் நுழையலாம்.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கிருமியையோ ஆர்செனிக் போன்ற நஞ்சையோ அது காட்டாது. கிணற்றுத் தண்ணீர் என்றால் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், வாங்கும்போதே வடிகட்டியும் மெம்பிரேனும் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.